உப்புப்பள்ளத்தில் நீங்கள் சொல்லாத சொல்

இன்று காலை சன்னலைத் திறந்தபோது வெட்டுப்பட்ட புல்லின் பச்சை மணமும் பெற்றோல் புகையும் ஒன்றாக உள்ளே வந்தன. வேலிக்கு அப்பால், வீதியோரத்தில், இரண்டு தொழிலாளர்கள் தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் முறைப்பாடு எழுதவில்லை. அமைச்சர் எவரும் வரப்போவதில்லை. மாதா கோயில் பெருநாளுக்கும் இன்னும் நாள் இருக்கிறது. புல் வளர்ந்தது, ஆகையால் வெட்டுகிறார்கள். இந்தச் சாதாரண காரியம் எங்கள் ஊரில் சாதாரணமாக நடப்பதற்கு ஒரு மனிதர் எவ்வளவு ஏச்சு வாங்கினார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் கோப்பியை ஆறவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

உங்களை நான் முதன்முதலில் கண்டது என் வீட்டு வாசற்படலைக்கு முன்னால்தான். யுத்தம் முடிந்து, கல்பிட்டிப் பக்கத்து வீதிகளுக்கெல்லாம் மறுவாழ்வு வந்துகொண்டிருந்த காலம். நரைத்த தாடியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக ஒருவர் நடுவீதியில் குந்தியிருந்து, தன் தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்துத் தாரின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. வெளியே வந்தேன்.

"அதில தண்ணி ஊத்தாதீங்க. தேவைக்கு மேல ஏற்கெனவே நிக்கிற இடம் அது."

"அதத்தான் பாக்குறன் அக்கா. ஊத்தினது எங்க போகுதெண்டு."

"எங்கேயும் போகாது."

நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "ஓம். போகல்லதான்" என்றீர்கள், ஏதோ நான் உங்களுக்கு ஒரு பரிசு தந்ததுபோல.

ஊரில் எல்லோருக்கும் நான் 'மிஸ்'. கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் காரியதரிசியாக இருந்து ஓய்வுபெற்றவள் என்பதாலும், கன்னியாஸ்திரிகள் கற்பித்த ஆங்கிலத்தை இன்னும் பிழையின்றி எழுதுகிறவள் என்பதாலும் வந்த பெயர். முன்பின் தெரியாத ஒருவர் எடுத்த எடுப்பில் அக்கா என்றது எனக்கு அன்று அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நானும் விட்டுக்கொடுக்காமல் உங்களைக் கடைசிவரை 'இஞ்சினியர்' என்றே அழைத்தேன்.

அந்த இடத்துக்கு உப்புப்பள்ளம் என்று பெயர். என் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். கடல் பக்கம் தென்னந்தோட்டம், மறுபக்கம் கடல்நீர் ஏறி இறங்கும் களப்பு, நடுவே வீதி ஒரு தட்டைப்போல் குழிந்து கிடக்கும். மாரி வந்தால் அந்தத் தட்டு நிறையும். அப்படி நிறைந்திருந்த ஒரு பிற்பகல், நெஞ்சுவலி கண்ட என் கணவரை முச்சக்கரவண்டியில் ஏற்றிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பள்ளத்தின் நடுவில் இயந்திரம் நின்றுபோனது. தண்ணீர் அவருடைய பாதத்துக்கு மேல் ஏறியபோது, "என்ட சப்பாத்தக் கழட்டு, நனையுது" என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். தாமதம் இல்லாவிட்டால் பிழைத்திருப்பாரா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று மட்டும் அன்றே தீர்மானித்தேன். வீதிப் பாவனையாளர் குழு என்று ஒன்றை நீங்கள் கூட்டியபோது, அதில் நான் போய் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தது அதற்காகத்தான்.

அந்த முதற்கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. செயலாற்றுகை அடிப்படையிலான ஒப்பந்தம் என்று பதாகையில் எழுதியிருந்தது. யாருக்கும் விளங்கவில்லை. நீங்கள் எழுந்து, நாங்கள் மறக்க முடியாத விதத்தில் சொன்னீர்கள்: "இதுவரைக்கும் குழிய அடைக்கத்தான் காசு குடுத்தம். குழி கூடக்கூட கொந்தராத்துக்காரருக்கு வருமானம் கூடிச்சு. இனிக் குழி இல்லாம இருக்கிறதுக்குத்தான் காசு. றோட்ட அவரே திருத்தி, அவரே வருசக்கணக்காப் பராமரிக்கணும். றோட்டு நல்லா இருந்தா மாசாமாசம் காசு. இல்லாட்டி வெட்டு."

மீனவர் சங்கத் தலைவர் மரியதாஸ் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அப்பிடியெண்டா என்ட வீட்டுக் கூரைக்கும் இப்பிடி ஒரு கொந்தராத்துப் பேசித் தாங்க இஞ்சினியர்!"

மண்டபமே சிரித்தது. நீங்களும் சிரித்துவிட்டு, ஒரு பழைய பிஸ்கற் ரின்னை மேசையில் வைத்தீர்கள். வீதியின் ஒவ்வொரு பகுதியின் இலக்கமும் எழுதிய துண்டுகள் அதற்குள் இருந்தன. மாதந்தோறும் எந்தப் பகுதியைப் பரிசோதிப்பது என்று கொந்தராத்துக்காரருக்கும் தெரியக் கூடாது, உங்களுக்கும் தெரியக் கூடாது. குழுவில் ஒருவர் எடுக்க வேண்டும். என்னை எடுக்கச் சொன்னீர்கள். நான் ரின்னைத் திறந்து பார்த்தேன். துண்டுகள் ஒன்றுபோல மடிக்கப்படவில்லை. தடவினால் எது எதுவென்று அறியலாம். முழு மண்டபத்தையும் காத்திருக்க வைத்து எல்லாவற்றையும் பிரித்து ஒரே அளவாக மடித்த பிறகுதான் எடுத்தேன்.

"இனி இந்த ரின் அக்காட பொறுப்பு" என்றீர்கள். அது கேலியல்ல என்பது அடுத்த மாதமே தெரிந்தது. ரின் என் அலுமாரிக்கு வந்துவிட்டது.

பரிசோதனை நாட்களில் உங்கள் ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து நானும் வந்திருக்கிறேன். நீங்கள் குந்தியிருந்து தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து, பள்ளிவாசல்துறையிலிருந்து மீன் ஏற்றி வரும் லொறிக்காரர்கள், "சேர், றோட்டுக்கு விடாய்க்குதா?" என்று கூவிக்கொண்டு போவார்கள். நீங்கள் கையைத் தூக்கி ஸலாம் சொல்வீர்கள். அப்படியொரு பயணத்தில்தான், ஒரே ஒரு முறை, மன்னாரைப் பற்றிச் சொன்னீர்கள். தொண்ணூறில் உங்கள் ஆட்களை ஊரைவிட்டு விரட்டியபோது மனைவி பிள்ளைகளோடு வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்து இறங்கிய கதையை அல்ல. அதை நீங்கள் யாரிடமும் சொன்னதாக நான் அறியேன். நீங்கள் சொன்னது ஒரு வீதியைப் பற்றி. இளம் வயதில் முசலிப் பக்கம் நீங்கள் போட்ட வீதி. யுத்தம் முடிந்த பிறகு முதன்முறையாகப் போய்ப் பார்த்தபோது, அதன் நடுவில் மரம் முளைத்து நிழல் விழுத்திக்கொண்டு நின்றதாம்.

"றோட்டு போடுறது பெரிய வேலையில்ல அக்கா. போட்ட பிறகு அதப் பாக்க ஒரு ஆள் இருக்கணும். நாங்க இருக்கல்ல."

உப்புப்பள்ளத்துக்கு வருகிறேன். கொந்தராத்துக் கம்பனியின் மனேஜர் சுனில் சிலாபத்துக்காரர். சிங்களவர், தமிழை மீன் சந்தையில் பழகியவர். கெட்டிக்காரர், ஆனால் காலில் மண் படுவதை விரும்பாதவர். முதலில் பள்ளத்தில் தார்க்கலவையைக் கொட்டி நிரப்பினார். அடுத்த மழைக்குத் தண்ணீர் சற்றுத் தள்ளிப் போய் நின்றது. என் கை அந்த மாதம் ரின்னிலிருந்து எடுத்த துண்டும் அந்த இடமாகவே இருந்தது. நீங்கள் பள்ளத்தின் கரையில் நின்று, "தண்ணி நிக்குது சுனில்" என்றீர்கள். வீதி ஓரத்தில் எங்கள் ஊர்க் கழுதைகள் வழமைபோல நின்றன.

"கழுதை நிக்கலாம், தண்ணி நிக்கக் கூடாதா சேர்?" என்றார் சுனில்.

"கழுதை விரட்டினாப் போகும்" என்றீர்கள்.

அந்த மாதம் அந்தப் பகுதிக்குக் காசு வெட்டுப்பட்டது. அதன் பிறகு சுனில் உங்களைச் சுற்றி வரத் தொடங்கினார். "சேர், நீங்க அனுபவசாலி. எங்க குழாய் வைக்கிற, எவ்வளவு உயர்த்திற, ஒரு கோடு கீறித் தாங்க. நாளைக்கே செய்யிறன்." நீங்கள் கீறவில்லை. "தண்ணி நிக்கக் கூடாது. அவ்வளவுதான் என்ட வேலை. எப்பிடியெண்டது உங்கட வேலை" என்று ஒவ்வொரு முறையும் அதே பணிவோடு சொன்னீர்கள். கம்பனி கொழும்பிலுள்ள உங்கள் தலைமை அலுவலகத்துக்கு எழுதியது, இஞ்சினியர் ஒத்துழைக்கிறார் இல்லை என்று. கொழும்பிலிருந்து உங்களுக்குக் கேள்வி வந்தது. ஓய்வுபெற்ற பிறகு ஆண்டுக்கு ஆண்டு நீடிக்கப்படும் பதவி உங்களுடையது. நீடிக்காமல் விடுவது அவர்களுக்கு எவ்வளவு சுலபம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஐப்பசி நெருங்கியது. ஊர் பொறுமை இழந்தது. மரியதாஸ் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"மிஸ், உங்கட இங்கிலீசில ஒரு பெற்றிசம் எழுதித் தாங்க. இந்த மனுசன மாத்தச் சொல்லி. செய்யிறன் எண்டு ஒருத்தன் நிக்கிறான், செய் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல மற்றவருக்கு வாய் வரல்ல. மன்னாரிலயிருந்து வந்தவருக்கு எங்கட றோட்டில என்ன அக்கறை?"

"உங்கட வள்ளம் கவிழ்ந்த அண்டைக்கு இழுத்துக் கரை சேத்தது யாரெண்டு மறந்துபோச்சா மரியதாஸ்? அவங்களும் மன்னார்க்காரர்தான்" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். ஆனாலும் என் மனமும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. பேனையைத் தொடுவதற்கு முன் உங்களிடம் நேரே கேட்பது என்று குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். நீங்கள் பள்ளத்தின் அருகில்தான் நின்றீர்கள்.

"இஞ்சினியர், என்ன செய்யவேணுமெண்டு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுமெண்டுதான் நினைக்கிறன் அக்கா."

"அப்ப சொல்லுங்களேன். தெரிஞ்சும் வாய் திறக்காம இருக்கிறதுக்குப் பேர் பயம்."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "நான் இப்பிடிச் செய்யெண்டு சொன்னா, அண்டையிலயிருந்து இது என்ட றோட்டு. பிழை வந்தா, 'சேர் சொன்னதச் செய்தம்' எண்டு அவங்க போயிருவாங்க. சொல்லாட்டி இது அவங்கட றோட்டு. மழை பெய்யிற ஒவ்வொரு நாளும் அவங்கதான் நித்திரையில்லாம இருக்கணும். எனக்கு இன்னும் எத்தின மாரி இருக்கெண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கொந்தராத்துக்கு வருசம் கிடக்கு."

"என்ட மனுசன் இந்தத் தண்ணிக்குள்ள இருந்தவர்."

"தெரியும் அக்கா. முதல் நாளே மரியதாஸ் சொன்னவர்." பள்ளத்தைக் காட்டி, "அதுக்காகத்தான் இந்தத் தடவ வாயக் கட்டியிருக்கிறன்" என்றீர்கள்.

நான் பயம் என்ற சொல்லைத் திரும்பப் பெறவில்லை. நீங்களும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, காத்திருந்த மரியதாஸிடம், "நான் எழுதமாட்டன். நீங்களே எழுதினா எழுத்துப் பிழை மட்டும் திருத்தித் தாறன்" என்றேன். அவர் கடைசிவரை எழுதவில்லை.

பிறகு மழை வந்தது. எங்கள் பக்கத்து மழை. விட்டு விட்டுப் பெய்யாமல் ஒரேயடியாகக் கொட்டுவது. காலையில் படலையடிக்கு வந்தவள் கண்ட காட்சியை இப்போதும் நினைத்துச் சிரிக்கிறேன். சுனிலின் சப்பாத்து இரண்டும் வாகனத்தின் மூக்கில் வரிசையாக இருந்தன. காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, வெறுங்காலோடு, நண்டு தேடுகிறவரைப்போலக் குனிந்தபடி தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தார். இன்னொரு மாதக் காசும் போகப்போகிறது என்று கம்பனி அவரை நெருக்கியிருக்க வேண்டும். பள்ளத்தைச் சுற்றினார். பின் தென்னந்தோட்டத்து வேலியோடு மேலே போனார். திரும்பி வந்து என் கையால் பிளேன்ரீ வாங்கிக் குடித்தார். உதடு நடுங்கியது, கண் மினுங்கியது.

"அன்ரி, தண்ணி வானத்துலருந்து இல்ல வாறது. தோட்டத்துலருந்து வாறது. புது மதில் கட்டினதால முழுத் தோட்டத்துத் தண்ணியும் ஒரு வாசலால வந்து இங்க விழுது. இவ்வளவு நாள் நான் றோட்ட மட்டும் பாத்துட்டு இருந்த. மோட வேல, மடத்தனம்!"

நீங்கள் வந்தீர்கள். குடையைச் சுனிலின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அவர் கையை நீட்டி நீட்டிச் சொன்னதையெல்லாம், வாழ்க்கையில் மழையையே காணாதவர்போலக் கேட்டீர்கள். முடிவில் ஒரே கேள்வி.

"அப்ப தண்ணி நிக்காதா?"

"நிக்காது சேர்."

"சரி."

மழை ஓய்ந்ததும் அவர்கள் தோட்டத்து வேலி ஓரமாகக் கால்வாய் வெட்டி, தண்ணீரைப் பள்ளத்துக்கு வரவிடாமல் தெற்கே பழைய ஓடைக்குத் திருப்பினார்கள். வீதி அந்த ஓடையைக் கடக்கிற இடத்தில் ஒரு மதகு கட்டினார்கள். பள்ளத்தையும் சிறிது உயர்த்தினார்கள். தோட்டக்காரரோடு பேசிச் சம்மதம் வாங்கியதும் சுனில்தான். அந்த வருடத்து அடுத்த பெருமழையில் நான் குடையோடு போய் நின்று பார்த்தேன். வீதி நனைந்திருந்தது. அவ்வளவுதான், நனைந்திருந்தது. இத்தனை வருடம் எங்கள் ஊர் கேட்டது அதைத்தான்.

ஊர் உங்களைப் புகழத் தொடங்கியது. இஞ்சினியருக்கு முதலே எல்லாம் தெரியும், பொடியனைப் பழக்குவதற்காகப் பேசாமல் இருந்தார் என்று மரியதாஸ் சந்தியில் நின்று கதைத்தார். நானும் அப்படியே நம்பினேன். அடுத்த முறை ரின்னை எடுக்க வந்தபோது உங்களிடம் கேட்டேன். அந்தப் புகழை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது. நீங்கள் சிரித்தீர்கள்.

"இல்ல அக்கா. நான் சொல்லியிருந்தா, காலங்காலமாச் செய்யிற மாதிரி, பள்ளத்துக்கு நடுவுல களப்புப் பக்கமா ஒரு குழாய் போடச் சொல்லியிருப்பன். மாரியில களப்பு ஏறும். களப்புத் தண்ணி அந்தக் குழாயால றோட்டுக்கு வந்திருக்கும். நீங்க படலையடியில இருந்து மீன் பிடிச்சிருக்கலாம். தோட்டத்து மதில நான் யோசிக்கவேயில்ல."

தெரியாமல் பேசாதிருப்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். கப்பல் கம்பனியில் என் மேலதிகாரிகளில் பலர் அப்படி. தெரிந்துகொண்டு பேசாதிருப்பவர்களும் உண்டு. ஆனால் தனக்குத் தெரியும் என்று உறுதியாக நம்பிக்கொண்டு, ஊர் ஏசும்போதும் பதவி ஆடும்போதும் அதைச் சொல்லாமல் அடக்கி, பிறகு தான் நம்பியது பிழை என்பதையும் தேநீர் குடித்தபடி சிரித்துச் சொல்லக்கூடிய ஒருவரை நான் என் வாழ்நாளில் உங்களைத் தவிரக் கண்டதில்லை. நான் யாரையும் சுலபமாக மெச்சுகிறவள் அல்ல. அது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் போன செய்தியைத் தொலைபேசியில் சொன்னது சுனில். "அன்ரி" என்று அவர் கூப்பிட்ட குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. புத்தளம் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கல்பிட்டிப் பக்கத்திலுள்ள உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். உங்கள் ஆட்களின் வழக்கப்படி பெண்கள் ஜனாஸாவின் பின்னால் போவதில்லை. நான் என் படலையடியில் குடையோடு நின்றேன். பக்கத்தில் மரியதாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். குடைக்குள் வரச் சொல்லியும் வரவில்லை. மழை காலையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

வாகனம் வந்தது. உப்புப்பள்ளத்தில் அது வேகத்தைக் குறைக்கவில்லை. குறைக்க வேண்டிய இடம் அது என்று சாரதிக்குத் தெரியவே இல்லை. சில்லுகளின் கீழே தண்ணீர் மெல்லிய தூவானமாகத் தெறித்தது, எங்களைக் கடந்தது, போய்விட்டது. என் கணவருக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்தது. பொறாமை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

உங்களுக்குப் பிறகு வந்தவர் இலக்கங்களைக் கணினியால் தெரிவு செய்கிறார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரர். ஆகையால் ரின் எனக்கே கிடைத்துவிட்டது. உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதை மட்டுமல்ல. மகன் இத்தாலியிலிருந்து கூரை திருத்தக் காசு அனுப்பியபோது, எந்த இடத்தில் ஓடு எப்படி வைக்க வேண்டும் என்று மேசனுக்குச் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அதில் அபிப்பிராயங்கள் நிறைய உண்டு. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "என்ட கட்டிலில ஒரு சொட்டு விழக் கூடாது. அவ்வளவுதான்" என்றேன். மேசன் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, அன்று முழுவதும் கூரைக்கு மேலேயே இருந்தார்.

புல் வெட்டுகிறவர்கள் இப்போது சந்திப் பக்கம் போய்விட்டார்கள். ரின்னைத் திறந்து ஒரு துண்டு எடுத்தேன். தூரத்து இலக்கம், இந்த முழங்காலோடு நடக்க முடியாது. அதனால் பழைய விதிப்படி அதே அளவாக மடித்து உள்ளே போட்டுவிட்டு, தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டினேன். நடுவீதிவரை போய், குந்த முடியாமல் குனிந்து, ஊற்றினேன். ஒரு லொறி ஓரமாக நின்று வழிவிட்டது. சாரதி தலையை நீட்டி, "என்ன மிஸ், றோட்டுக்கு விடாயா?" என்றான்.

நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஒரு கணம் தயங்கி, பிறகு ஓரத்தை நோக்கிப் போனது.